ஷாக் அப்சார்பர் எந்த இடத்தில் உட்கார வேண்டும்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டுவிட்டு, அதற்கப்புறம் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தூங்குகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். பின் வரிசையில் தூங்குவது நமக்கெல்லாம் இந்த அரங்கிலேயே பழகிய கலைதான்.

"மோட்டார் தொழிலின் எதிர்காலம்" என்று தலைப்புக் கொடுக்கலாமா என்று செயலாளர் கேட்டார். அவ்வளவு பெரிய விஷயம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு சாண் அளவுகூட இல்லாத ஒரு இரும்புத் துண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். காட்டிலும் மேட்டிலும் ஓடும் வண்டியில் ஷாக் அப்சார்பரைச் சேஸிஸோடு பிடித்து வைத்திருக்கிற பிராக்கெட் அது. ஷாக் அப்சார்பரைக் காசு கொடுத்தால் எந்தக் கடையிலும் வாங்கலாம். அது உட்கார வேண்டிய இடத்தைக் கடையில் விற்பதில்லை. அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கான விளக்கம்.

நம்ம ஊர் வண்டிகள்

இதை ஏன் இங்கே பேசுகிறேன் என்றால், இந்தப் பாடத்துக்கு வேண்டிய உதாரணமெல்லாம் நம் வாசலிலேயே கிடக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினால் மறைமலை நகர். சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பினால் ஓரகடம், அதையும் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர். நாம் படித்த காலத்தில் இந்த வழியில் ஏரியும் வயலும்தான் கண்ணில் பட்டன. 1999இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து ஐகான் கார் வந்தது. 2003இல் அதே ஆலையிலிருந்து எண்டெவர் வந்தது. 2022இல் அங்கே கார் உற்பத்தி நின்றது. அந்த ஆலையிலும், அதற்குச் சாமான் செய்து கொடுத்த சின்னச் சின்ன ஆலைகளிலும் வேலை பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறீர்கள்.

அந்த எண்டெவரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் வந்த வண்டியில் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். 2016இல் வந்த புது எண்டெவரில் அதே மாதிரி முழு ஆக்சில்தான் இருந்தது, ஆனால் லீஃப் போய் காயில் ஸ்பிரிங் வந்துவிட்டது. ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க வாட்ஸ் லிங்கேஜ் என்ற இணைப்பை வைத்தார்கள். 1784இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி என்ஜினுக்காகக் காப்புரிமை வாங்கிய யோசனை அது. இருநூற்று முப்பது வருஷம் கழித்து மறைமலை நகரில் வண்டிக்கு அடியில் வந்து சேர்ந்திருக்கிறது!

இன்னொன்று மஹிந்திரா தார். 2010இல் வந்த தாரில் பின்னால் லீஃப் ஸ்பிரிங், முன்னால் டார்ஷன் பார். 2020இல் வந்த தாரில் முன்னால் இரட்டை விஷ்போன், பின்னால் முழு ஆக்சிலுக்குப் பல இணைப்புக் கம்பிகள், நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங். பரனூர் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2012இல் திறந்த மஹிந்திரா ரிசர்ச் வேலி இந்த மாதிரி வேலைக்கென்றே இருக்கும் இடம். ஓட்டிப் பார்ப்பதற்குச் செய்யாறு பக்கத்தில் 2021இல் தனிச் சோதனைத் தடமே திறந்தார்கள். ஓரகடத்தில் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் இருக்கிறது.

லீஃப் ஸ்பிரிங்கை ஏன் விட்டார்கள்? லீஃப் ஸ்பிரிங் இரண்டு வேலை பார்க்கிறது. பாரத்தையும் தாங்குகிறது, ஆக்சில் முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்தும் வைக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகள் மாதிரி எல்லா வேலையும் அதன் தலையில். இரண்டையும் பிரித்து, பிடிக்கும் வேலையைக் கம்பிகளிடமும் தாங்கும் வேலையைக் காயிலிடமும் கொடுத்துவிட்டால், அவற்றையும் ஷாக் அப்சார்பரையும் தேவையான இடத்தில் வைக்கச் சுதந்திரம் கிடைக்கிறது. அந்தச் சுதந்திரம் வந்த உடனே "சரி, எங்கே வைப்பது?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

கதவும் காவடியும்

மாணவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் பாரத்தைத் தாங்குவதில்லை. ஊஞ்சலை ஒரு தடவை தள்ளிவிட்டால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும் அல்லவா, அந்த ஆட்டத்தை நிறுத்துகிற கைதான் ஷாக் அப்சார்பர். உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சின்ன ஓட்டை வழியாகத் தள்ளுகிறது. ஆட்டத்தில் இருந்த சக்தி எண்ணெயில் சூடாகப் போய்விடுகிறது.

இப்போது இடத்துக்கு வருவோம். ஒரு கதவைக் கைப்பிடியில் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், பிறகு கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள். கதவு ஒன்றுதான், கையும் ஒன்றுதான். ஆனால் கீலுக்குப் பக்கத்தில் தள்ளும்போது மூச்சு வாங்கும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மும் ஒரு கதவுதான். சேஸிஸ் பக்கம் கீல், வெளிப்பக்கம் சக்கரம். நடுவில் எங்கேயோ ஷாக்.

கீலிலிருந்து சக்கரம் வரை 400 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஷாக்கை 240 மி.மீட்டரில் நேராக நிறுத்தினால் விகிதம் 0.6. சக்கரம் 10 செ.மீ. ஏறினால் ஷாக் 6 செ.மீ. சுருங்கும். அப்படியானால் ஸ்பிரிங்கின் வலுவில் 60 சதவீதம் சக்கரத்துக்குப் போகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கிடையாது! சுருக்கமும் 0.6, விசையும் 0.6, இரண்டையும் பெருக்க வேண்டும். 0.36தான் சக்கரத்துக்குப் போகிறது. அதே ஷாக்கை 4 செ.மீ. வெளியே தள்ளி 280 மி.மீட்டரில் வைத்தால் விகிதம் 0.7, அதன் வர்க்கம் 0.49. அதாவது 0.36 இருந்த இடத்தில் 0.49. நாலு செ.மீ. நகர்த்தினதுக்கு வண்டி 36 சதவீதம் கடினமாகிவிட்டது. ஷாக்கின் அடக்கும் திறனும் அதே கணக்கில் கூடியிருக்கும். ஸ்பிரிங்கை மாற்றவில்லை, ஷாக்கை மாற்றவில்லை, ஒரு பைசா செலவில்லை.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்காது. ஷாக்கின் உள்ளோட்டம் 150 மி.மீ. என்றால், 0.6 விகிதத்தில் சக்கரத்துக்கு 250 மி.மீ. ஏற்ற இறக்கம் கிடைத்தது. 0.7இல் 214 மி.மீ. தான். உள்ளோட்டம் என்பது மாதச் சம்பளம் மாதிரி. வண்டி தன் பாரத்திலேயே கொஞ்சம் உட்காருகிறதே, அது வீட்டு வாடகை. மிச்சத்தை வைத்துத்தான் மேட்டையும் பள்ளத்தையும் சமாளிக்க வேண்டும்.

அடுத்தது சாய்வு. ஷாக் நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வின் கொசைனால் பெருக்க வேண்டும், பிறகு அதையும் வர்க்கம் எடுக்க வேண்டும். 30 டிகிரி சாய்த்தால் முக்கால் பங்கு பலன் மிஞ்சும். 45 டிகிரியில் பாதி. 60 டிகிரியில் கால். "சாய்த்து வைத்தால் ஸ்டைலாக இருக்கிறது சார்" என்பார்கள். பாதிச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கும் ஸ்டைல் அது.

முழு ஆக்சில் வண்டியில் இன்னொரு விஷயம் உண்டு. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் ஷாக் எங்கே இருந்தாலும் முழுசாக வேலை செய்யும். ஒரு சக்கரம் பாறை மேலும் மற்றது பள்ளத்திலும் போகும்போது, இல்லை வளைவில் வண்டி சாயும்போதுதான் வித்தியாசம் தெரியும். காவடி எடுத்தவர்களுக்கு இது புரியும். தண்டை இரண்டு கையாலும் அகலமாகப் பிடித்தால் காவடி நம் சொல் கேட்கும். கழுத்துக்குப் பக்கத்தில் ஒடுக்கிப் பிடித்தால் அது நம்மை ஆட்டும். ஆக்சில் நடுவிலிருந்து சக்கரம் 70 செ.மீ. தூரத்திலும் ஷாக் 42 செ.மீ. தூரத்திலும் இருந்தால், இங்கேயும் 0.6, வர்க்கம் 0.36. பக்கவாட்டு ஆட்டத்தை அடக்க வேண்டுமானால் ஷாக்கை முடிந்தவரை வெளியே கொண்டுபோக வேண்டும். எவ்வளவு தூரம்? டயர் முழுசாகத் திரும்பும்போதும், முழுசாக ஏறும்போதும் ஷாக்கில் உரசாத தூரம் வரைக்கும்.

ஜீப்பை உயர்த்துகிறவர்களுக்கு

இங்கே நம் பழைய மாணவர்களில் சிலர் ஜீப் வைத்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பாலாற்று மணலிலும் வறண்ட ஏரியிலும் சக்கரம் சுழல்கிறது. பட்டறைக்குப் போய் "ரெண்டு இஞ்ச் தூக்கிடுங்க" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஸ்பிரிங்கை உயர்த்திவிட்டுப் பழைய ஷாக்கையே மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். என்ன ஆகும்? வண்டி 5 செ.மீ. உயர்ந்ததும் ஷாக் ஏற்கெனவே 5 செ.மீ. நீண்டு நிற்கிறது. கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தில் அவ்வளவும் போயிற்று. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் தன் கடைசி வரை நீண்டு, ஆக்சிலின் கனத்தைத் தொங்கவிட்டுத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் கயிறு அல்ல. நாலு தடவை இப்படி இழுத்தால் புஷ் போகும், பிறகு பிராக்கெட் போகும்.

"சரி, நீளமான ஷாக் வாங்கிப் போடுறேன்" என்றால் அங்கேயும் சிக்கல். நீளமான ஷாக் சுருங்கினாலும் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். சக்கரம் முழுசாக ஏறும்போது ரப்பர் ஸ்டாப்பர் தொடுவதற்கு முன்னாலேயே ஷாக் உள்ளே முட்டிவிடும். அப்போது இரும்பும் இரும்பும் மோதும். ஆகவே ஒன்று, மேல் மவுண்டை உயர்த்த வேண்டும். இல்லையென்றால் ஸ்டாப்பரைக் கீழே இறக்க வேண்டும். மேல் மவுண்டை இடம் மாற்றுவதற்கு உண்மையான காரணம் இதுதான். கீழ் மவுண்டு ஆக்சிலுக்கு அடியில் தொங்கினால் பாறை அதைத்தான் முதலில் தேடி வந்து அடிக்கும். அதையும் ஆக்சில் குழாயின் மேல்பக்கமாகக் கொண்டுபோனால், மேல் மவுண்டு இன்னும் உயர வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஆடும்.

லீஃப் ஸ்பிரிங் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பல பிக்-அப் வண்டிகளில் பின் ஷாக்குகளில் ஒன்று ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றது பின்னாலும் இருக்கும். பார்த்தவுடன் யாரோ தப்பாக மாட்டிவிட்டார்கள் என்று தோன்றும். தப்பில்லை. வேகமாக முடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சில் முறுக்கிக்கொண்டு துள்ளுவதை அடக்கத்தான் அப்படி. இரண்டையும் அழகாக ஒரே பக்கம் மாற்றி வைத்துவிடாதீர்கள்.

அளப்பது எப்படி? ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள். சேஸிஸை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஆக்சிலை ஜாக்கியால் ஸ்டாப்பர் நசுங்கும் வரை ஏற்றி, மேல் மவுண்டுக்கும் கீழ் மவுண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முழுசாக இறக்கி எழுதுங்கள். பிறகு ஒரு பக்கம் ஏற்றி, மறு பக்கம் இறக்கி எழுதுங்கள். பிரேக் ஹோஸ் இழுக்கிறதா, புரப்பல்லர் ஷாஃப்ட் எதிலாவது இடிக்கிறதா என்று ஒவ்வொரு நிலையிலும் பாருங்கள். குறைந்த அளவைவிட 10, 15 மி.மீ. குறைவாகச் சுருங்குவதாகவும், கூடிய அளவைவிட அதே அளவு அதிகமாக நீளுவதாகவும் உள்ள ஷாக்தான் உங்களுக்கு உரியது. அரை நாள் வேலை. இந்த அரை நாளைச் செலவழிக்காமல்தான் பலரும் முதலில் ஷாக்கை வாங்கிவிட்டு, பிறகு அதற்கு இடம் தேடுகிறார்கள்.

நம் மாணவர்களின் பக்கி

இப்போது பாஹா போட்டிக்கு வருகிறேன். 1976இல் அமெரிக்காவில் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போட்டி இது. நம் நாட்டில் எஸ்.ஏ.இ. இந்தியா 2007 முதல் நடத்துகிறது. மாணவர்களே வடிவமைத்து, மாணவர்களே வெல்டிங் வைத்து, கரடுமுரடான தடத்தில் நாலு மணி நேரம் தொடர்ந்து ஓட்ட வேண்டும். பெட்ரோல் பிரிவில் எல்லோருக்கும் ஒரே என்ஜின். அதனால் குதிரைச் சக்தியில் யாரும் யாரையும் ஜெயிக்க முடியாது. எடை, கியர், சஸ்பென்ஷன் இந்த மூன்றில்தான் வெற்றி தோல்வி.

நம் தம்பி தங்கைகள் கட்டிய பக்கியில் பின் ஷாக் 20 டிகிரி சாய்வில் இருந்தது. சக்கரத்துக்கு இன்னும் ஏற்ற இறக்கம் வேண்டும் என்று மேல் மவுண்டை நகர்த்தி, 50 டிகிரிக்குச் சாய்த்துவிட்டார்கள். ஏற்ற இறக்கம் கூடியது உண்மை. வண்டி கீழே உட்கார்ந்துவிட்டது. ஸ்பிரிங் காலரைச் சுற்றி இறுக்கி உயரத்தைப் பழையபடி கொண்டுவந்தார்கள். நிறுத்திப் பார்த்தால் வண்டி அம்சமாக நின்றது. வறண்ட ஏரியில் சோதனை ஓட்டம். ஆறாவது சுற்றில் ஒரு கரையைத் தாண்டி இறங்கும்போது பிராக்கெட், அது ஒட்டியிருந்த குழாயிலிருந்து ஒரு துண்டையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஓட்டிய தம்பி ஐந்து முனை பெல்ட் போட்டிருந்தார், ஹெல்மெட் போட்டிருந்தார். ஒரு கீறல் இல்லை. ஆனால் அந்தக் கரைக்கு அந்தப் பக்கம் ஆளோ மாடோ நின்றிருந்தால் இன்றைக்கு நான் இங்கே வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். "வெல்டிங் சரியில்லை சார், மாற்றி வைத்துவிட்டால் போதும்" என்றார்கள். குழுத் தலைவியாக இருந்த மூன்றாம் ஆண்டு மாணவி மட்டும், "சார், வெல்டிங் பிரியவில்லை, குழாய்தானே பிய்ந்திருக்கிறது" என்றார். அந்தப் பெண் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆர்மில் விகிதம் 0.6. 20 டிகிரிக்கு 0.94. பெருக்கினால் 0.56, வர்க்கம் 0.32. 50 டிகிரிக்கு 0.64. பெருக்கினால் 0.39, வர்க்கம் 0.15. சக்கரத்தில் வண்டியின் கடினம் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஷாக்கின் அடக்கும் திறனும் அதே மாதிரி பாதியாகிவிட்டது.

"காலரை இறுக்கினோமே சார்?" என்றார் ஒரு தம்பி. இது எல்லோருக்கும் இருக்கிற நம்பிக்கை, பட்டறையிலும் இருக்கிறது. காலரை இறுக்கினால் வண்டியின் உயரம்தான் கூடும். ஸ்பிரிங்கின் கடினம் அப்படியேதான் இருக்கும். ஆகவே பார்வைக்கு நிமிர்ந்து, உள்ளுக்குள் தொளதொளவென்று இருந்தது வண்டி. கரையிலிருந்து இறங்கும்போது ஷாக் கடைசி வரை சுருங்கி முட்டிவிட்டது. ஸ்டாப்பர் ரப்பர் வைக்கவில்லை. முட்டின பிறகு பிராக்கெட்டுக்குப் போவது ஷாக்கின் விசை அல்ல, விழுகிற வண்டியின் முழு மோதல். அதோடு மேல் மவுண்டு, குழாயின் நட்ட நடுவில் இருந்தது. நடுவில் அடித்தால் எந்தக் கழியும் வளையும். வெல்டிங்கைக் குறை சொல்லிவிட்டு அதே இடத்தில் மறுபடி வைத்திருந்தால் மறுபடி பிய்ந்திருக்கும்.

பிறகு 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, மூன்று குழாய்கள் சேரும் முடிச்சில் மவுண்டை வைத்தார்கள். சக்கரம் முழுசாக ஏறுவதற்குக் கொஞ்சம் முன்பே தொடும்படி ரப்பர் ஸ்டாப்பர் வந்தது. ஏற்ற இறக்கம் அவர்கள் ஆசைப்பட்டதைவிடக் குறைவுதான். இருக்கிற சம்பளத்தில் குடும்பம் நடத்தக் கற்றுக்கொண்டார்கள்.

பிராக்கெட் விஷயத்தில் சுருக்கமாக நாலு வார்த்தை. போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் காதைவிட, இரண்டு பக்கமும் பிடிக்கும் இரட்டைக் காது நல்லது. பிராக்கெட்டை நேராகக் குழாயில் ஒட்டாமல், இடையில் ஒரு தகடு வைத்து பாரத்தைப் பரப்புங்கள், தகட்டின் மூலைகளை உருட்டிவிடுங்கள். பக்கவாட்டு விசைக்கு முக்கோணத் தகடு கொடுங்கள். மேலும் கீழும் உள்ள போல்ட்டுகள் ஒரே போக்கில் இருக்கட்டும், இல்லையேல் ஷாக் ஒவ்வொரு தடவையும் முறுக்கிக்கொண்டு புஷ்ஷைத் தின்றுவிடும்.

டியூனிங் என்பது பொறுமை

இடம் சரியான பிறகுதான் டியூனிங். முதலில் டயர் காற்று. டயரும் ஒரு ஸ்பிரிங்தான். காற்றைச் சரிபார்க்காமல் ஷாக்கின் திருகைத் திருப்புவது, கண்ணாடியைத் துடைக்காமல் கண் டாக்டரிடம் போவது போல.

இரண்டாவது, டிரைவரை உட்கார வைத்து வண்டி எவ்வளவு உட்காருகிறது என்று அளப்பது. மொத்த ஏற்ற இறக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று தொடங்கலாம். காலரை இறுக்காத, ஒரே சீரான ஸ்பிரிங்காக இருந்தால் இதிலிருந்து ஒரு எளிய கணக்கும் வரும். வண்டி தன் பாரத்தில் எத்தனை செ.மீ. உட்காருகிறதோ அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால், நொடிக்கு எத்தனை தடவை ஆடும் என்று தெரிந்துவிடும். 25 செ.மீ. என்றால் நொடிக்கு 1 தடவை. 10 செ.மீ. என்றால் ஏறக்குறைய 1.6 தடவை. கம்ப்யூட்டர் வேண்டாம், ஒரு டேப் போதும்.

மூன்றாவது, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள உறவு. மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம். தாரின் வீல்பேஸ் 2,450 மி.மீ. 40 கி.மீ. வேகத்தில் பின் சக்கரம் அதே மேட்டுக்கு 0.22 நொடி கழித்து வரும். பின்னால் வந்தது கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் முன்னால் போனதை எட்டிப் பிடித்து, வண்டி தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆடாமல் சமமாக அடங்கும். 1930களில் காடிலாக் கம்பெனியில் மாரிஸ் ஆலி என்ற எஞ்சினியர், காரில் எடைக்கற்களை இங்கும் அங்கும் நகர்த்தி வைத்து ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த விஷயம் இது. அவர் செய்ததும் இதுதான். நகர்த்தினார், ஓட்டினார், எழுதிக்கொண்டார்.

கடைசியில்தான் ஷாக்கின் திருகு. சுருங்கும்போது உள்ள தடை வேறு, விரியும்போது உள்ள தடை வேறு. விரியும் தடை குறைவாக இருந்தால் மேட்டைத் தாண்டியவுடன் பின்பக்கம் உதைக்கும். அதிகமானால் வேறு தொல்லை. லாரி ஓடி அலை அலையாகிப்போன மண் ரோட்டில், சக்கரம் கீழே இறங்கி முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து கல்லாகிவிடும். ஓட்டுகிறவர் "ரொம்பக் கடினமா இருக்கு" என்பார். நாம் சுருங்கும் தடையைக் குறைப்போம். இன்னும் மோசமாகும். விரியும் தடையைக் குறைத்திருக்க வேண்டும்.

ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் அது எங்கே போய் நிற்கிறதோ, அதுவரை ஷாக் சுருங்கியிருக்கிறது. கடுமையான இடத்தில் மட்டும் கடைசியைத் தொட்டால் நல்லது. எல்லா மேட்டிலும் தொட்டால் கெட்டது. எப்போதுமே தொடவில்லை என்றால் சம்பளத்தைச் செலவழிக்காமல் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஷாக் சூடான பிறகும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் சூடேறினால் நீர்த்துப்போகும், நுரைத்தால் தடையே இருக்காது. நாலு மணி நேரப் போட்டியில் முதல் பத்து நிமிஷம் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை உடனே நோட்டில் எழுதுங்கள். இரண்டை மாற்றி நல்லது நடந்தால் எதனால் நடந்தது என்று தெரியாது. கெட்டது நடந்தாலும் தெரியாது.

இன்னொரு எச்சரிக்கை. போட்டித் தடத்தில் ஓடும் பக்கி வேறு, நம்பர் பிளேட்டோடு ரோட்டில் ஓடும் ஜீப் வேறு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. விபத்து என்று வந்தால் இன்ஷ்யூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். பிராக்கெட்டைத் தொடுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நண்பர்களே, நன்கொடையாக நாம் வாட்டர் கூலர் கொடுத்திருக்கிறோம், நூலகத்துக்கு அலமாரி கொடுத்திருக்கிறோம். நல்ல காரியம்தான். இந்த வருஷம் கூடவே இன்னொன்றும் கொடுப்போம். இந்தச் சாலையின் இருபுறமும் இருபத்தைந்து வருஷமாக ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் பிராக்கெட்டையும் கையில் வைத்துப் பழகியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. சிலர் ஓய்வு பெற்றுவிட்டீர்கள். சிலர் ஆலை மாறிவிட்டீர்கள். ஒரு ஆலை மூடினால் இயந்திரத்தை விற்றுவிடலாம். கைப்பழக்கத்தை ஏலம் விட முடியாது, யாருக்காவது சொல்லிக்கொடுத்தால்தான் அது மிஞ்சும்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அரை நாள். நம் கல்லூரிப் பட்டறைக்கு வாருங்கள். பழைய ஷாக் ஒன்று இருந்தால் கொண்டுவாருங்கள், காற்றழுத்தம் உள்ளதாக இருந்தால் அதை முறைப்படி வெளியேற்றிய பிறகு குறுக்கே அறுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று மாணவர்களுக்குக் காட்டுவோம். போட்டிக்குப் போகும் வண்டியின் ஒவ்வொரு பிராக்கெட்டையும், சோதனை ஓட்டத்துக்கு முன்னால், நம்மில் ஒருவர் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். நம் பிள்ளைகள்தான் அந்த வண்டியில் உட்காருகிறார்கள்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. விலை உயர்ந்த ஷாக் வாங்க ஸ்பான்சர் தேடி அலைகிறீர்கள். தேடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் முப்பது ரூபாய் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் ஒரு நாள் படுத்துக் கிடங்கள். எங்களைக் கூப்பிடத் தயங்காதீர்கள். வயசான முதுகு, குனிவதற்குக் கொஞ்சம் நேரமாகும், ஆனால் வந்துவிடுவோம்.